காளைத்தோலில் கட்டிய முதலைத் தலை

லொபெயோக் என்ற பேரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அவனுடைய காளையைத் தின்றவர்கள். தின்றவன் வாயால் கதை கேட்டால் எலும்புதான் மிஞ்சும். அதனால் நான் சொல்கிறேன். துர்கானா ஏரிக்கு மேற்கே எலும்பு தேடும் முகாம்களுக்குப் பதினாறு வருஷம் லாரி ஓட்டியவன் நான். அவன் எனக்கு அத்தை வழியில் மச்சான் முறை.

வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்த நாளில் பிறந்ததால் அவனுக்கு அந்தப் பேர். விருந்தாளிக்கு அடிக்க ஆடு இருந்த காலம். அவனுக்கு ஐந்தாறு வயதாகும்போது மழை மூன்று வருஷம் ஏமாற்றியது. மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்தன. மிஞ்சிய பதினொன்றை அவன் அப்பனுடைய மூத்தாள் மகன் எமுரியா மலைப்பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். இளையாளான லொபெயோக்கின் தாய்க்கு ஒரு கன்றுக்குட்டிகூட விடவில்லை. அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கு இறங்கினாள். மீன் பிடித்தார்கள், மீன் காயவைத்தார்கள், மீனையே தின்றார்கள்.

எங்களில் மாடு இல்லாதவன் ஆளே இல்லை. மீன் தின்கிறவன் அதற்கும் ஒரு படி கீழே.

எங்கள் ஆண்பிள்ளைக்கு இரண்டு பேர் உண்டு. ஒன்று தாய் வைப்பது. இன்னொன்று காளை கொடுப்பது. மந்தையில் ஒன்றைத் தன் காளை என்று எடுத்துக்கொள்வான். அதன் கொம்பைத் தட்டி வளைப்பான், கழுத்தில் மணி கட்டுவான், அதன்மேல் பாட்டுக் கட்டுவான். காளை கருப்பு என்றால் அவன் கருப்பப்பன். புள்ளி என்றால் புள்ளியப்பன். அதை விற்க மாட்டான், அறுக்க மாட்டான். எமுரியாவின் காளைக்கு ஒரு கொம்பு முன்னால், ஒரு கொம்பு பின்னால். அதனால் அவன் கோணக்கொம்பப்பன். ஆட்டத்தில் இரண்டு கையையும் அதே மாதிரி தூக்கிக்கொண்டு அவன் குதித்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

லொபெயோக்குக்கு இருபது வயதிருக்கும். ஏரிக்கரையிலிருந்து ஓர் ஆட்டத்துக்கு வந்தான். குதிக்க நன்றாகவே குதித்தான். நாபெரித் என்ற பெண் அவன் எதிரில் வந்து நின்று கேட்டாள், "கைய ஏன் தொங்கப்போட்டுக் குதிக்கிற? உன் காளை எப்படி இருக்கும்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் எமுரியா முந்திக்கொண்டான். "அவன் காளையா? அது ஏரியில கெடக்கு தங்கச்சி. பல்லக் காட்டிக்கிட்டு, வாலச் சுருட்டிக்கிட்டு. கூப்புடு, மொதலையப்பன்னு கூப்புடு!"

கூட்டம் தரையில் விழுந்து சிரித்தது. அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. லொபெயோக் அன்று திரும்பிப் போகவில்லை. விடியும்வரை கையைத் தொங்கப்போட்டபடியே குதித்தான். நாபெரித் அவனைத்தான் கட்டிக்கொண்டாள். ஏன் என்று பிறகு நான் கேட்டதற்கு, "எல்லாரும் சிரிச்சாங்க, இவன் மட்டும் நிறுத்தல," என்றாள்.

முகாம் எங்கள் பக்கம் வந்தபோது லொபெயோக் வேலைக்குச் சேர்ந்தான். வேலை என்பது நடப்பது. விடிந்ததும் எட்டுப் பேர் வரிசையாக நின்று, தலையைக் குனிந்து, மெதுவாக நடக்க வேண்டும். எலும்பு கண்ணில் பட்டால் தொடக் கூடாது. பக்கத்தில் மூன்று கல்லை அடுக்கிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். மேஸ்திரி கியாலோ தெற்கே கம்பா இனத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சுண்டுவிரல் நகம் அளவு பல்லைக்கூட இருபது அடி தூரத்தில் கண்டுவிடுவார். ஆனால் அவருக்கும் அந்த முகாமுக்கும் வேண்டியது ஒன்றே ஒன்று. லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இரண்டு காலில் நடந்த பழைய பாட்டன். அவனுடைய பல் ஒன்று கிடைத்தால் நைரோபியில் பேப்பரில் வரும். மற்ற எலும்பெல்லாம் அவருக்குச் சல்லிக் கல்.

லொபெயோக் முதல் வாரத்தில் ஏழு இடத்தில் கல் அடுக்கினான். ஏழும் முதலை.

"இது என்னய்யா?" என்றார் கியாலோ.

"மொதல, மேஸ்திரி."

"அது எனக்கும் தெரியுது. எதுக்குக் கல்லு வெச்ச?"

"எலும்பக் கண்டா வைக்கச் சொன்னீங்க."

"எலும்புன்னா எல்லா எலும்பும் இல்லய்யா! ஆளு எலும்பு!"

காலால் கல்லைத் தட்டிவிட்டுப் போனார். லொபெயோக் குனிந்து திரும்ப அடுக்கினான். மறுநாளும் அவர் தட்டினார், மறுநாளும் இவன் அடுக்கினான். பத்து நாளில் மேஸ்திரிக்குக் கால் வலித்தது. விட்டுவிட்டார்.

முதலை அவன் கண்ணில் பட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஏரியில் வலை இழுத்து வளர்ந்தவனுக்கு உயிரோடிருக்கும் முதலையை அடையாளம் தெரியாமல் இருந்தால் அவன் வளர்ந்திருக்கவே மாட்டான். மண்டை எலும்பில் மழைத்துளி விழுந்த மணல் மாதிரி பொடிப்பொடியாகக் குழி இருக்கும். தேய்ந்த துண்டு, உள்ளங்கை அளவு, கல்லாகவே மாறிப்போனது. அதையும் விரலால் தடவி, "தாடை, வலப்பக்கம்," என்பான். வெயிலில் சிதறிக் கிடந்த சில்லறைத் துண்டுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ள மேஸ்திரி ஒருவழியாகச் சம்மதித்தார். முகாமிலேயே, தண்ணீர் டிரம்களுக்குப் பின்னால், பல் தனி, முதுகுத் தகடு தனி, மண்டைத் துண்டு தனி என்று வரிசையாக அடுக்குவான். நாங்கள் தேநீர் குடித்துப் புகையிலை மெல்லும் நேரத்தில் அவன் அங்கே குந்தியிருப்பான்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டான். "மச்சான், இங்க கை வெச்சுப் பாரு. கண்ணுக்குழிக்கு முன்னாடி."

சின்ன மேடு ஒன்று இருந்தது. "ஏதோ புடைச்சிருக்கு. அதுக்கென்ன?"

"ஏரியில இருக்கானே, அவனுக்கு இது கெடயாது. நாலு துண்டுல பாத்துட்டேன். நாலுலயும் இருக்கு. இவன் வேற சாதி."

"வேற சாதின்னா பொண்ணு கேக்கப் போறியா?"

அவன் சிரிக்கவில்லை. "முழுத் தலை ஒண்ணு கெடைக்கணும். கெடச்சா ஒருத்தனும் இது சல்லின்னு சொல்ல மாட்டான்," என்றான்.

ஆறு பருவம் அப்படிப் போனது. ஆறாவது பருவம் முடிந்ததும் லொட்வார் சந்தைக்குப் போய் ஒரு செவலைக் காளை வாங்கி ஓட்டி வந்தான். அதன் கொம்பை வளைத்தான். சாயங்காலத்தில் அதன் பக்கத்தில் நின்று சத்தமாகப் பாடுவான். குரல் மட்டம்தான். ஆனாலும் இரண்டொருவர் செவலையப்பன் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நாபெரித் தண்ணீர் எடுக்கும் குழியில் மற்றப் பெண்களுக்குக் கேட்கும்படி, "செவலையப்பன் வீட்டுக்கு இன்னொரு குடுக்கை," என்பாள்.

ஏழாவது பருவத்தில், முகாம் கலைய நான்கு நாள் இருக்கும்போது, அந்த முழுத் தலை கிடைத்தது.

காய்ந்த ஓடை ஒன்று. அதன் கரை விளிம்பில், கீழே விழ ஒரு முழம் பாக்கி என்ற இடத்தில், வாய் மூடியபடி கிடந்தது. மேல்தாடை, கீழ்த்தாடை, பற்கள் பூட்டியது பூட்டியபடி. தரையில் நிறுத்தினால் என் இடுப்புக்கு மேல் வரும். கண்ணுக்கு முன்னால் இரண்டு பக்கமும் அந்த மேடு. லொபெயோக் கல் அடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரியைக் கூட்டி வந்தது நான்.

கியாலோ சுற்றிவந்து பார்த்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். "நல்ல தலைதான். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அடுத்த வருஷம் இங்க கரையே இருக்காது, மேஸ்திரி. மழ வந்தா ஓடை தூக்கிட்டுப் போயிடும்."

"நான் என்னய்யா செய்ய? மாவுக்கட்டுக்கு ஆறு மூட்டைதான் மிச்சம். அது பாட்டனுக்குன்னு நைரோபியில எழுதிக் குடுத்திருக்காங்க. மொதலைக்கு ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது."

"பாட்டன்தான் இந்த வருஷம் வரவே இல்லையே."

"நாளைக்கே வந்தா?"

லொபெயோக் எழுந்து நின்றான். "மேஸ்திரி, பாட்டனக் காணோம் காணோம்னு ஏழு வருஷமா தேடுறீங்க. அவன் ஏன் கெடைக்கலன்னு யோசிச்சீங்களா? இவன் தின்னுட்டான். பாட்டனத் தின்னவனுக்கு ஒரு பிடி மாவு கெடயாதா?"

எல்லோரும் சிரித்தோம். கியாலோவும் சிரித்தார். ஆனால் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. "மாவுக்கட்டு மூட்டையத் தொட்டா வேலை கெடயாது. லாரியிலயும் இடம் கெடயாது. அவ்வளவுதான்," என்றார்.

இப்படிப்பட்ட எலும்பைச் சும்மா தூக்க முடியாது. கல்லாகியிருந்தாலும் உள்ளே ஆயிரம் விரிசல். அடி மண்ணோடு சேர்த்து வெட்டி, மேலே துணியும் மாவுக்கட்டும் சுற்றி, அது இறுகின பிறகுதான் நகர்த்தலாம். அந்தக் காலத்தில் மாவுக்கட்டு தீர்ந்தால் கோதுமை மாவைக் கஞ்சி காய்ச்சிச் சுற்றுவோம் என்று கியாலோவே எப்போதோ நெருப்போரம் சொல்லியிருந்தார். லொபெயோக் அதைப் பிடித்துக்கொண்டான். தன் படியாக முகாமில் கொடுத்த மக்காச்சோள மாவு, வீட்டில் நாபெரித் வைத்திருந்த மாவு, எல்லாவற்றையும் கொட்டிக் கஞ்சி காய்ச்சினான். சாக்கைக் கிழித்து முக்கித் தலை முழுக்கச் சுற்றினான். வெயிலில் நன்றாகத்தான் இறுகியது. மாலையில் நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

காலையில் நானும் கூடப் போனேன். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. இருபது ஆடுகள் முதலையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன.

மழை இல்லாத ஊர். ஆட்டுக்குப் புல் கிடையாது, உகா மரத்து இலை கிடையாது. அங்கே போய் மாவுக் கஞ்சியைச் சாக்கில் தடவி வெளியே வைத்தால் ஆடு என்ன, நானே நக்கியிருப்பேன். சாக்கைக்கூட விடவில்லை. இழுத்த இழுப்பில் மூக்கு நுனி உடைந்து இரண்டு பல் உதிர்ந்து கிடந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே நாபெரித் வந்தாள். அவளுடைய ஆடுகள்தான்.

"யோவ், புள்ளைங்களுக்கு வெச்சிருந்த மாவ யாருய்யா எடுத்ததுன்னு ராத்திரி முழுக்கத் தேடுனேன். மொதலைக்குக் கஞ்சி ஊத்தியிருக்கியா நீ?"

"ஊத்தல. போத்துனேன்."

"போத்துனானாம்! குளுருதுன்னு அழுதுச்சா?"

அவன் உதிர்ந்த பற்களைப் பொறுக்கித் துணியில் முடிந்துகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் ஆடுகளைத் தள்ளி விலக்கினாள். பிறகு கேட்டாள், "இப்ப என்ன செய்யப் போற?"

"ஈரத்தோலு," என்றான். "பச்சைத் தோலச் சுத்திக் காயவெச்சா கட்டை மாதிரி ஆயிடும். ஆடு கடிக்காது."

"ஆட்டுத்தோலு எத்தன வேணும் இதுக்கு? தைச்ச எடமெல்லாம் பிச்சுக்கும். ஒரே தோலா மாட்டுத்தோலு வேணும்."

"ஆமா."

"மாட்டுத்தோலுக்கு எங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

"அதத் தொடாத," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ஆறு வருஷம் குனிஞ்சு நடந்து வாங்குனது. எவனாவது தன் பேருக் காளைய அறுப்பானா? நாளைக்கு உன்ன என்னன்னு கூப்புடுவாங்க தெரியுமா?"

"தெரியும். ஏற்கெனவே கூப்புட்டாங்கல்ல."

"மறுபடியும் கூப்புடுவாங்க. உன் புள்ளைங்களயும் சேத்துக் கூப்புடுவாங்க."

"கூப்புடட்டும். அந்தப் பேரு அவனுங்க குடுத்தது. நான் ஒருநாளும் வேணாம்னு சொல்லல. சிரிக்கிறதுக்குன்னு குடுத்தானுங்க. இதப் பாத்துட்டுச் சிரிக்கட்டும்." கையால் தலையைக் காட்டினான். "நாபெரித், இது இங்கயே கெடந்தா இன்னும் நாலஞ்சு நாள்ல பொடி. அப்புறம் எவனும் இப்படி ஒருத்தன் இருந்தான்னே நம்ப மாட்டான். காளை இன்னொண்ணு பொறக்கும். இவன் பொறக்க மாட்டான்."

அவள் ஆடுகளை அதட்டி ஓட்டினாள். பத்து அடி போய்த் திரும்பினாள். "தோல நான்தான் தைப்பேன். நீ தைச்சா அதுவும் ஆட்டு வயித்துக்குத்தான் போவும்."

அன்று மதியத்துக்கு முன்பே செவலையை ஓடைக்கரைக்கு ஓட்டி வந்தான். ஈட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. காளையின் கழுத்து மணியை அவிழ்த்தான், பாட்டை ஒரு தடவை முழுக்கப் பாடினான், குத்தினான். ஒரே குத்து. பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் அறுக்கத் தொடங்கினான்.

எங்கள் ஊரில் மாடு விழுந்தால் யாரையும் அழைக்க வேண்டாம். காற்றே போய்ச் சொல்லும். வெயில் சாய்வதற்குள் குடைவேல மரத்தடியில் பதினான்கு பேர் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் எமுரியா. பெரியவன் என்ற முறையில் தொடைக்கறி அவனுக்கு. குடலை விரித்துப் பார்த்துக் குறி சொல்வதும் அவன்தான்.

குடலைப் புரட்டிப் பார்த்தான். "மேகம் கட்டுது. நாலு நாளு, மிஞ்சிப் போனா அஞ்சு." பிறகு தலையைத் தூக்கி, "ஆமா, எதுக்குடா அறுத்த? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"மொதலைக்கு," என்றான் லொபெயோக்.

விஷயம் தெரிந்ததும் மரமே குலுங்கியது. எமுரியா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஏலே, பேருக் காளைய அறுத்து மொதலைக்குச் சட்டை தைக்கிற ஒரே ஆளு நீதான்டா. இனி உன்ன செவலையப்பன்னு எவனும் கூப்புட முடியாது. பழைய பேருதான்!"

லொபெயோக் அடுப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன் முன்னால் வைத்தான். "கூப்புடு அண்ணே. சத்தமாவே கூப்புடு. மொதலையப்பன் வீட்டுக் கறிதான், வாய் நெறயத் தின்னுட்டுக் கூப்புடு."

சிரிப்பு கொஞ்சம் மட்டுப்பட்டது. அந்த நேரம்தான் மேஸ்திரி கியாலோ வந்தார். மூன்று மாதமாக அவித்த பீன்ஸ் தின்ற மனுஷன். மாவுக்கட்டு மூட்டையை யாராவது தொட்டார்களா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். பார்த்தார், யாரும் தொடவில்லை. விலா எலும்புப் பக்கமாக உட்கார்ந்தார். உப்பு இல்லையா என்று மட்டும் கேட்டார்.

மரத்தடியில் இது நடக்க, ஓடைக்கரையில் நாபெரித் வேலையை முடித்துக்கொண்டிருந்தாள். நெய் வைக்கும் தோல் குடுக்கை செய்யத் தெரிந்தவள். ஈரத்தோலுக்குள் மணலை அடைத்து உருவம் பிடிக்கவைத்துக் காயவைக்கிறவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் கிளைப்பனை ஓலையும் மணலும் அடைத்தாள். லொபெயோக் தோலை இறுக்கி இழுக்கப் போக, கையில் ஒரு அடி கொடுத்தாள். "தளர விடு. ஈரத்தோலு சுருங்கும். இப்பவே இறுக்கினா உன் மொதல மூக்கு மாவாயிடும்." தோல்வாரால் தைத்தாள். தைத்து முடித்து மேலெல்லாம் சாம்பல் பூசி, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள், கழுதைப்புலி வராமல் இருக்க. இரண்டு பேரும் அங்கேயே தங்கினார்கள். மூன்றாம் நாள் நான் போய்த் தட்டிப் பார்த்தேன். மேளம் மாதிரி சத்தம் கேட்டது.

அன்று முகாம் கிளம்பும் நாள். மலைப்பக்கம் வானம் கருத்திருந்தது. ஓடையிலிருந்து லாரி நிற்கும் தடம்வரை இரண்டு மணி நேர நடை, வழியெல்லாம் எரிமலைக் கல். மண்ணோடு சேர்த்து அந்தத் தலை மூன்று மூட்டை மாவுக் கனம் இருக்கும். லொபெயோக் நேராக எமுரியாவின் பட்டிக்குப் போனான்.

"அண்ணே, தூக்க ஆளு வேணும்."

"மொதல சொமக்க நான் என்ன மீன்காரனா?"

"தொடைக்கறி யாரு தின்னது?"

ஒருவன் காளையைத் தின்றவன் அந்தப் பருவம் முடிவதற்குள் காளைக்காரன் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அது எங்கள் வழக்கம். மாட்டேன் என்றால் அடுத்த மரத்தடியில் அவனுக்கு இடம் இருக்காது. எமுரியா புகையிலையைத் துப்பிவிட்டு எழுந்தான். மற்றப் பதின்மூன்று பேருக்கும் அவனே ஆள் அனுப்பினான். தனியாகச் சுமக்க அவன் என்ன பைத்தியமா.

இரண்டு நீளக் கழியில் கட்டித் தூக்கினார்கள். ஏழு பேர் தூக்க ஏழு பேர் மாற்று. ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு வசவு. "நல்லா செத்தான்யா இவன், கல்லா செத்திருக்கான்." "ஏய், தோள மாத்து, ஈரல் தின்னவன் நீதான்." தலைக்கு முன்னால் நடந்து கல்லைப் புரட்டி வழி செய்துகொண்டே போனான் லொபெயோக். கீழே வைக்கும்போதெல்லாம் குனிந்து தையலைத் தடவிப் பார்த்தான்.

லாரியில் டிரம், கூடாரம், மூட்டை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கியாலோ கையை விரித்தார். "சொன்னேன்ல. இடம் இல்ல. இதுக்கு நம்பர் இல்ல, எழுத்து இல்ல. நைரோபியில என்னத்தான் கேப்பாங்க."

லொபெயோக் வாயைத் திறப்பதற்குள் எமுரியா முன்னால் வந்தான். தோள் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "மேஸ்திரி, அன்னைக்கு விலா எலும்பு எத்தன தின்னீரு?"

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா?"

"நான் எண்ணுனேன். ஆறு. தொடை தின்னவன் நான், தோளு கிழிஞ்சு நிக்கிறேன். ஈரல் தின்னவன் இடுப்பு ஒடிஞ்சு உக்காந்திருக்கான். ஆறு விலா தின்னவரு மட்டும் கைய வீசிக்கிட்டு ஊருக்குப் போவாரோ? புடிங்க ஒரு பக்கம்!"

பதினான்கு பேரும் ஒரே குரலில், "புடி, புடி!" என்றார்கள். வெளியூர்க்காரருக்கு வழக்கம் தெரியாது என்று தப்பித்திருக்கலாம். ஆனால் தின்றது தெரியும். கியாலோ என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே உதிரிச் சக்கரத்தை அவிழ்த்துக் கூரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் திட்டிக்கொண்டே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கழியைப் பிடித்தார்.

தலை ஏறிவிட்டது. நான் வண்டியைக் கிளப்பப் போனேன். லொபெயோக் முன்னால் வந்து நின்றான்.

"எழுதுங்க மேஸ்திரி."

"ஏத்தியாச்சேய்யா!"

"எழுத்து இல்லாமப் போனா அங்க போயி மறுபடியும் சல்லியாயிடும். நோட்டுல எழுதுங்க."

கியாலோ நோட்டைப் பிரித்து லாரிப் பலகைமேல் வைத்து வேகமாக ஏதோ எழுதினார். லொபெயோக்குக்குப் படிக்கத் தெரியாது. நோட்டை வாங்கி என்னிடம் நீட்டினான். "படி மச்சான்."

எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான். எழுத்துக் கூட்டினேன். "இதரவை. ஒன்று," என்றிருந்தது.

"இதரவைன்னா?"

"மத்தது. சில்லறை."

லொபெயோக் நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். "மத்தது இல்ல. அவனுக்குப் பேரு இருக்கு. மொதலன்னு எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்யா!"

"ஒண்ணுன்னா எழுதுறதுல என்ன கஷ்டம்?"

மேகம் இடித்தது. பின்னால் பதினான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். லொபெயோக் கை லாரியின் மூக்கின்மேல் இருந்தது. எடுக்கவில்லை. கியாலோ முதல் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். நான் கூட்டிப் படித்தேன். "முதலை. முழுத் தலை. ஒன்று. கண்டவர் லொபெயோக்." பேரையும் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவராக எழுதினார்.

லொபெயோக் கையை எடுத்தான்.

மழை இரண்டு நாள் கழித்து வந்தது. எமுரியா பார்த்த குடல் தப்பவில்லை. நைரோபி மியூசியத்தில் அந்தத் தோலை அறுத்தார்களா, ரம்பம் போட்டார்களா, எந்த அலமாரியில் வைத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் இறக்கிவைத்தபோது ஒரு பெண்மணி வந்து தோலைத் தட்டிப் பார்த்தார். இதைக் கட்டினது யார் என்றார். நாபெரித் என்றேன். எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது ஓடைக்கரையில் பத்தடி அகலத்துக்கு மண் சரிந்து போயிருந்தது. தலை கிடந்த இடம் வெறும் காற்று. லொபெயோக் கீழே, ஈரம் காயாத ஓடைக்குள் குந்தியிருந்தான். மாடு இல்லை, மணி இல்லை. ஊரில் அவனை முதலையப்பன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனும் முதல் குரலுக்கே திரும்புகிறான்.

சரிந்த மண்ணில் முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. ஒன்றன் பின் ஒன்றாக, கரைக்குள் நீளமாகப் போயிற்று. பக்கத்தில் மூன்று கல் அடுக்கியிருந்தான்.

"உடம்பு, மச்சான்," என்றான். "வாலு வரைக்கும் இருக்கும் போல."

"அதுக்கு ஒரு காளைத்தோலு பத்தாதேய்யா. யாருகிட்ட இருக்கு இப்ப காளை?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "உங்கிட்ட ரெண்டு ஒட்டகம் நிக்குதுல்ல?"